வாசகர் காத்திருக்கும் ஏடு



ஒரு பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் நால்வர் அதனைத் தேடுகின்றனர். வேறொன்று வந்த நாளிலேயே கடைக்காரரின் கையில் மிளகாய்த்தூள் சுற்றும் சரையாகின்றது. இரண்டும் ஒரே விலையுடையன. ஒரே மையினால் அச்சிடப்பட்டன. இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்கின்றது என்பதே இன்று நாம் சிந்திக்கப் புகும் பொருள். பாடசாலைகளிற் கையெழுத்து ஏடு நடத்தும் மாணவர்களையும், சனசமூக நிலையங்களின் சார்பில் மலர் வெளியிட முனையும் இளைஞர்களையும் சிறப்பாக மனத்திற் கொண்டு இதனைக் கூறுகின்றேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் விடை ஒன்றுண்டு. கவர்ச்சி வேறு, பயன் வேறு. வண்ணப் படமும் சினிமாச் செய்தியும் கவர்ச்சியின் பாற்பட்டன, அறிவுரையும் ஆராய்ச்சியும் பயனின் பாற்பட்டன. இரண்டையும் அளவறிந்து கலப்பவரே கெட்டிக்காரப் பத்திராதிபர் என்பர். கசப்பு மருந்தைத் தேனிற் குழைத்துக் குழந்தைக்கு ஊட்டுவது போன்ற கணக்கு இது. வாசகர் குழந்தையல்லர் என்பது ஒரு குறை. வன்னியில் வாழ்ந்த மக்கள் கண்ட அனுபவம் இக்கணக்குக்கு முற்றிலும் மாறானது என்பது மற்றொன்று.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்ட பின்னர் வடபகுதிக்குப் பல பொருள்கள் வருவது தடைப்பட்டது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் போத்தற் கணக்கில் அளந்து எரிக்கப்பட்டது. வானொலிக்குப் பற்றறி கிடையாது. அச்சிடுங் கடதாசியும் அருகிற்று. 1985 முதல் யாழ்ப்பாணத்தில் வெளிவரும் ‘உதயன்’ நாளேடு அக்காலத்தில் அப்பியாசக் கொப்பிக்குரிய தாளிலும், கைக்கு அகப்பட்ட பிற தாளிலும் அச்சாகி வந்தது. பக்கங்கள் சுருங்கின, படங்களில் முகம் அடையாளம் தெரியவில்லை. கவர்ச்சி எனப்படுவன யாவும் கழன்று போயின. ஆயினும் அந்தத் தாள் ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கும், அங்கிருந்து தேநீர்க் கடைக்கும் சென்று, மடிப்புக்கள் கிழியும் வரை வாசிக்கப்பட்டது. அவ்வாறே மாலை வேளைகளில் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, அதன் டைனமோவிற் பிறக்கும் மின்சாரத்தில் வானொலிப் பெட்டியை இயக்கி, பி.பி.சி. தமிழோசையைச் சுற்றியிருந்து கேட்டனர். சுற்றுபவர் களைத்தாற் குரல் மங்கும். உடனே இன்னொருவர் கைகொடுப்பார். செய்தி கேட்பதற்கு உடல் உழைப்பைக் கூலியாகக் கொடுத்த நேயர்கள் உலகிற் பல இடங்களில் இருந்திருப்பார்களோ, அறியேன்.

அவர்கள் தேடியது யாது? எந்தப் பாதை திறந்திருக்கின்றது, பரீட்சை நடைபெறுமா, கப்பல் வந்ததா, எந்த ஊரார் இடம்பெயர்ந்தனர் என்பனவே. தம் வாழ்வைத் தொடும் செய்தி, ஐயமின்றிச் சொல்லப்பட்டதாக, நாளைக்குப் பயன்படுவதாக இருத்தல் வேண்டும். அத்தகைய செய்தியே அவர்களுக்குப் பயன் தந்தது. அதுவே அவர்களைக் கவர்ந்தும் வைத்திருந்தது. ஆகலின், ஏடு நடத்துவோர் தம்மைத் தாமே வினவ வேண்டிய கேள்வி இது: கடதாசி பாதியாகக் குறைந்தால் எதனை நீக்குவேன், எதனை வைத்துக்கொள்வேன்? இது வெறுங் கற்பனையன்று. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அந்நியச் செலாவணி இன்மையாற் கடதாசி இறக்குமதி தடைப்பட்டபோது, கொழும்பில் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய பத்திரிகைகள் தம் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்த நேர்ந்தது. மேல் மாகாணத்திற் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளும் ஒத்திவைக்கப்பட்டன.

நம்மவர் பத்திரிகையைக் கையில் எடுத்ததும் முதலிற் புரட்டும் பக்கம் எதுவென எண்ணிப் பாருங்கள். தலையங்கமன்று, மரண அறிவித்தற் பக்கம். படித்தவர் சிலர் இதனை எள்ளி நகையாடுவதுண்டு. எனக்கு அந்நகைப்பில் உடன்பாடில்லை. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கும் அந்த வாசகத்தில் ஒரு மனிதரின் வழித்தடம் முழுவதும் அடங்கியுள்ளது. யாருக்கு மகன், யாருக்கு மைத்துனர், பிள்ளைகள் எந்நாட்டில் இருக்கின்றனர், இறுதிக்கிரியை எப்பொழுது, தகனம் எந்த மயானத்தில் என்பன வரிசையாகக் கூறப்படுகின்றன. ஒரு சொல்லும் மிகையில்லை, அலங்காரம் இல்லை. வாசிப்பவர் தம் ஊர்ப்பெயரைக் காண்கின்றார், தமக்குத் தெரிந்தவரைக் காண்கின்றார், உடனே செய்யவேண்டிய கடமையையும் அறிகின்றார். உண்மையை உரைக்கின், நம் பத்திரிகைகளில் மிகத் திருத்தமாக எழுதப்படும் பகுதி அதுவே. 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் வன்னிக் கரையோரத்தில் உயிர் நீத்த பலருக்கு அந்த நாலு வரி எங்கும் அச்சாகவில்லை. அச்சாகாமை எத்துணைப் பெரிய இழப்பு என்பதை அவர்களுடைய உறவினர் அறிவர். பெயரும் ஊரும் நாளும் எழுத்திற் பதிவதை அற்பமென்று இங்கு எவரும் எண்ணார்.

இனி, நம் நாட்டுப் பத்திரிகை வரலாற்றிலிருந்து சில உதாரணங்களை நோக்குவோம். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனார் 1841ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ‘உதயதாரகை’யைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிடத் தொடங்கினர். சமயப் பிரசாரம் அதன் நோக்கங்களில் ஒன்றாயினும், கல்வி, விஞ்ஞானம், பயிர்த்தொழில், அரசாங்க நடவடிக்கை ஆகியனவும் அதில் இடம்பெற்றன. சமயத்தால் மாறுபட்டவரும் அதனை வாங்கி வாசித்தனர். மாறுபட்டு எழுதவுஞ் செய்தனர்.

அதனினும் நமக்கு அணித்தான உதாரணம் ‘ஈழகேசரி’. குரும்பசிட்டி நா. பொன்னையா அவர்கள் 1930இல் இதனைத் தொடங்கினார். சுன்னாகத்திலிருந்து வாரந்தோறும் வெளிவந்து 1958 வரை நிலைத்தது. ஈழத்தவர் தம் எழுத்தைத் தம் மண்ணின் ஏட்டிலேயே காணலாயினர். இளைஞர்க்கும் மாணவர்க்கும் அப்பத்திரிகை இடம் ஒதுக்கிற்று. வாசிக்க மட்டும் வந்தவர் எழுதவும் துணிந்தார். இன்று ஈழத்து எழுத்தாளர் வரிசையில் மூத்தோராகப் போற்றப்படும் பலர் அதிற் பயின்றவரே. அதன் ஆசிரியராக விளங்கிய சோ. சிவபாதசுந்தரம் அவர்கள் பின்னர் வானொலித் துறையில் ஈடுபட்டு, லண்டன் பி.பி.சி.யிலும் பணியாற்றி, ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலையும் இயற்றினார். அச்சில் முகமறியாத வாசகரோடு பேசப் பழகியவர், காற்றில் முகமறியாத நேயரோடு பேசச் சென்றதில் வியப்பில்லை.

ஆயினும் இவ்விடயத்திற் பாடநூலாகக் கொள்ளத்தக்கது ‘மல்லிகை’ என்பேன். டொமினிக் ஜீவா அவர்கள் ஐந்தாம் வகுப்புக்கு மேற் பாடசாலையிற் பயிலும் வாய்ப்பைப் பெறாதவர். யாழ்ப்பாண நகரிற் சிகையலங்கார நிலையத்திற் தொழில் செய்தவர். சிறுகதைத் தொகுதியொன்றுக்கு இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். 1966ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவர் தொடங்கிய அச்சஞ்சிகை யாழ்ப்பாணத்திலும், பின்னர் கொழும்பிலுமாக 2012 வரை, நானூறு இதழ்களுக்கு மேல் வெளிவந்தது. பெரும் முதலாளி எவரும் அதன் பின்னால் நின்றாரில்லை. ஜீவா தாமே கட்டைக் கையில் ஏந்தி, நண்பரையும் அன்பரையும் தேடிச் சென்று விற்றார். இதனைச் சிலர் வறுமையின் அடையாளமாகக் கூறுவர். யான் இதனைப் பெரும் நன்மையாகக் கருதுகின்றேன். விற்பவரும் எழுதுபவரும் ஒருவராயின், வாங்குபவர் முகம் சுளித்தாரா, மலர்ந்தாரா, சென்ற இதழைப் பிரித்தேனும் பார்த்தாரா என்பதை நேரிற் காணலாம். எத்தனை பிரதி விற்றது என்னும் எண், அந்த முகத்தைக் காட்டாது.

மல்லிகையின் அட்டையில் நடிகையின் படம் வருவதில்லை. ஈழத்து எழுத்தாளர், கலைஞர், கல்விமான், தொண்டர் எனப் பலருடைய முகங்கள் வந்தன. உள்ளே அவரைப் பற்றி அவரை அறிந்த ஒருவர் எழுதினார். ‘தூண்டில்’ என்னும் பகுதியில் வாசகர் கேட்க ஆசிரியர் விடை பகர்ந்தார்; வினவியவரின் பெயரும் ஊரும் அங்கு நின்றன. தெற்கே திக்குவல்லையிலுள்ளாரும், மலையகத்தாரும், வன்னியாரும் அதில் எழுதினர். சிங்களச் சிறுகதைகள் தமிழாகி வந்தன. எல்லா இதழும் சமமாகச் சிறந்தவை என நான் கூறேன். மெலிந்த இதழ்களும் இருந்தன. ஆனால், அடுத்த இதழ் வரும் என்னும் நம்பிக்கை வாசகர்க்கு இருந்தது.

இந்த நம்பிக்கையைப் பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டும். நம்மிடையே பத்திரிகை தொடங்குவோர் முதல் இதழை நாற்பது பக்கத்தில், வாழ்த்துரைகளும் ஆசியுரைகளும் நிரம்ப, பெருவிழாவெடுத்து வெளியிடுகின்றனர். இரண்டாம் இதழ் மூன்று மாதம் பிந்துகின்றது. மூன்றாம் இதழ் வருவதேயில்லை. குளத்து வாய்க்காலிற் தண்ணீர் வரும் முறைநாள் தவறினால் வயற்காரர் அடுத்த முறை அந்த வாய்க்காலை நம்பார். வேறு வழி தேடுவார். வாசகரும் அத்தகையரே. மாதம் நான்கு பக்கம் தர இயலுமாயின் நான்கு பக்கமே தருக. ஆனால், சொன்ன நாளில் தருக. நாற்பது பக்கம் ஒருமுறை தந்து மறைவதினும் அது மேலானது.

நகைச்சுவைக்கும் இங்கு ஒரு வார்த்தை கூறல் வேண்டும். ஓவியர் சிவஞானசுந்தரம் அவர்கள் அறுபதுகளில் தொடங்கிய ‘சிரித்திரன்’ ஏட்டில் உலாவிய சவாரித்தம்பரை நம் முதியோர் இன்றும் தம் அயலவர் போல நினைவுகூர்கின்றனர். பிற நாட்டுத் துணுக்குகளைப் பெயர்த்து இடுவது நகைச்சுவையாகாது. நம் வேலியோரத்து மனிதரின் பேச்சையும் வீம்பையும் கண்டு சிரிப்பதே சிரிப்பு.

இப்பொழுது வன்னிக்கு மீள்வோம். இந்நிலப்பகுதியைப் பற்றிய விரிவான பழைய நூல் எதுவென வினவினால், 1895இல் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில உத்தியோகத்தர் எழுதிய வன்னி மாவட்டங்களின் கைந்நூலையே எடுத்துக் காட்ட வேண்டியுள்ளது. ஊர்கள், குளங்கள், பயிர்த்தொழில், மக்கள் வழக்கங்கள் எனப் பலவற்றை அவர் பொறுமையாகத் திரட்டினார். நூறாண்டு கடந்தும் ஆராய்ச்சியாளர் அதனைத் தேடுவதற்குக் காரணம் அவருடைய கருத்துக்களல்ல. ஆளவந்தவரின் பார்வை அதில் இருக்கவே செய்கின்றது. அவர் குறித்து வைத்த விவரங்களே காரணம். வயலிலும் காட்டிலும் வாழ்ந்த நம் முன்னோர் இவற்றை அவரினும் நன்கு அறிந்திருந்தனர். எழுதியவர் அவர், அறிந்தவர் இவர். தேன் எடுக்கும் காலம், பாலைப்பழம் பழுக்கும் காலம், வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோவிற் பொங்கலுக்கு முன் நடைபெறும் சடங்கு முறை, காலபோகத்துக்கு எந்த வயலில் எந்த நெல் என்பன இன்னும் பெரும்பாலும் வாய்மொழியிலேயே உள்ளன. பல இடப்பெயர்வுகளின்போது வீட்டிலிருந்த குறிப்புக் கொப்பிகளும் உறுதிகளும் நிழற்படங்களும் அழிந்தன. ஆகவே இங்குள்ள ஒரு பாடசாலைக் கையெழுத்து ஏடு, கொழும்பில் அச்சாகும் பெருஞ் சஞ்சிகையால் இயலாத பணியை ஆற்றக்கூடும்.

எமது பாடசாலை ஏட்டில் இரு கட்டுரைகள் வெளிவந்தன. இரண்டும் மழையைப் பற்றியன. ஒன்று வானமகள் கண்ணீர் வடிக்க, நிலமகள் பச்சைப் பட்டுடுத்திய வருணனை, பிழையில்லாத தமிழ், வாசித்தவர் எவரும் அதனைப் பற்றி ஒரு சொல்லும் கூறினாரில்லை. மற்றையதை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதினாள். 2018ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பெருவெள்ளம் தாக்கியதை நேயர்கள் நினைவுகூர்வர். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட காலம் அது. அவள் எழுதியது இவ்வளவே: தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து முதலில் வந்தது, வீட்டு வாசலின் எத்தனையாம் படி வரை ஏறியது, எந்த மதகுக்கருகில் வீதி அறுத்தது, மாடுகளை எந்த மேட்டுக்கு ஓட்டினர், கிணற்று நீர் தெளிய எத்தனை நாளாயிற்று. ஓரிடத்திற் சந்திப்பிழையும் இருந்தது; அதைத் திருத்திக் கொடுத்தோம். அடுத்த ஆண்டு ஐப்பசி மழை தொடங்கியதும் அயலிலுள்ள கமக்காரர் ஒருவர் பாடசாலைக்கு வந்து, “அந்தப் பிள்ளை எழுதின தாளை ஒருக்காத் தாங்கோ சேர், பார்த்து எழுதிப்போட்டுத் தாறன்” என்றார். மாடு கட்டும் இடத்தை மாற்றுவதற்கு அவருக்கு அது தேவைப்பட்டது. அவளுடைய கட்டுரையில் உவமை ஒன்றேனும் இல்லை. ஆயினும், படி ஏறும் தண்ணீரை வாசிக்கையில் நெஞ்சு படபடக்கின்றது. அது இலக்கியமன்று என யார் கூறுவார்?

சில வேளைகளில் அறிவுரை விவரத்தின் இடத்தைப் பற்றிக்கொள்கின்றது. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது, சேதனப் பசளையின் பெருமையைப் பேசும் கட்டுரைகள் ஏராளம் வெளிவந்தன. கமக்காரர் வேண்டியது பெருமையன்று. ஓர் ஏக்கருக்கு எவ்வளவு கூட்டெரு வேண்டும், அதனை ஆக்க எத்தனை வாரம் செல்லும், இலை மஞ்சளானாற் செய்வது யாது, கமநல சேவை நிலையத்தில் எதைக் கேட்டுப் பெறலாம் என்னும் நான்கு கேள்விகளுக்கே அவர் விடை வேண்டினார். அவற்றுக்கு விடை தந்த துண்டுத்தாள், மொழிநடை எத்துணை வறண்டதாயினும், ஓலை வேலியிற் செருகி வைத்துப் பாதுகாக்கப்பட்டிருக்கும்.

திருத்தமாகக் கூறல் என்பதில் இன்னொரு பொறுப்பும் அடங்கியுள்ளது. வதந்தியால் மூட்டை கட்டி இரவோடிரவாக நடந்தவர்கள் நாம். ஆகவே, கேட்டதை எழுதுங்கால் யாரிடம் கேட்டது என்பதையும் எழுதுக. கண்டதாயின் கண்ட நாளையும் இடத்தையும் குறிக்க. ‘பலர் கூறுகின்றனர்’ என்னும் தொடரை மாணவர் ஏட்டில் அனுமதித்தல் ஆகாது. பெரிய பத்திரிகைகளும் இவ்விதியைக் கைக்கொள்ளின் நன்று. சென்ற இதழிற் பிழை நேர்ந்திருப்பின், இவ்விதழின் முதற் பக்கத்திலேயே திருத்தம் இடம்பெறல் வேண்டும்.

மொழிநடையைப் பற்றி ஆசிரியர்களிடையே விவாதம் உண்டு. செந்தமிழிற் பயில வேண்டிய பிள்ளைகளைப் பேச்சுத் தமிழில் எழுத விடலாமா என்பர். செந்தமிழ் என்பது விளங்காத தமிழன்று. வயலைப் பற்றி எழுதுங்கால் அரிவு வெட்டு, சூடு மிதிப்பு என்றே எழுதுக. அகராதியைப் பார்த்து அறுவடை வைபவம் என்று மாற்ற வேண்டா. ஊரார் சொல்லும் மரப்பெயரையும் மீன்பெயரையும் அப்படியே எழுதுக. வாக்கிய அமைதி செவ்விதாக இருக்கட்டும்; பொருட்பெயர் ஊர்ப்பெயராகவே இருக்கட்டும். வேற்றூர் வாசகருக்கு விளங்காதெனின் ஓர் அடியிற் பொருள் கூறிவிடலாம்.

வாசகரிடமிருந்து வரும் கடிதத்துக்கும் ஏட்டில் இடம் வேண்டும். எமது ஏட்டின் கடைசிப் பக்கம் வெறுமையாக விடப்படும். வாசித்தவர் அதில் எழுதலாம். “பொய்” என்று ஒரே சொல்லை எழுதியவரும் உண்டு. தம் தகப்பனார் காலத்துக் குளக்கட்டு வேலையைப் பற்றி அரைப்பக்கம் எழுதிய மூதாட்டியும் உண்டு. அவ்வரைப்பக்கமே அடுத்த இதழின் முதற் கட்டுரையாயிற்று.

நிறைவாக, பேணுதல் பற்றி ஒரு குறிப்பு. அச்சாகும் பத்திரிகைகளின் பிரதிகள் சட்டப்படி தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குச் செல்கின்றன; கையெழுத்து ஏடுகளுக்கு அத்தகைய காவல் இல்லை. வன்னியிற் கறையான் கடதாசியை ஒரு மாரியில் மண்ணாக்கிவிடும். இதழ் வெளியான கிழமையிலேயே இரு நிழற்பிரதி எடுத்து, ஒன்றை அண்மையிலுள்ள பொது நூலகத்திற் கையளித்துப் பற்றுச்சீட்டுப் பெறுக. மூலத்தைச் சுவரிலிருந்து தள்ளி, நிலத்திலிருந்து உயர்ந்த இரும்புத் தட்டில் வைக்க. இதழ் எண்ணையும் மாதத்தையும் ஆண்டையும் வெளியட்டையில் மையினாற் பெரிதாக எழுதுக.